இரண்டு மீட்டர், ஒரு பைட்: ரோமிங்கில் கடிவாளம் யார் கையில்?

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறக்கிறார். அந்தப் படம் திரைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு இடங்களில் எண்ணப்பட்டுவிடுகிறது. முதலில், அவருக்கு சிம் கொடுத்த நிறுவனத்தின் வாயிலில். அடுத்து, அவர் இப்போது ஒட்டிக்கொண்டிருக்கும் அந்நிய நிறுவனத்தின் வாயிலில். ஒரே படம், ஒரே பைட்டுகள். ஆகவே இரண்டு எண்களும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். பல நேரம் அப்படி இருப்பதில்லை.

வாடிக்கையாளரின் கணக்கில் கழிவது முதல் எண்ணின்படி. நிறுவனத்துக்கு நிறுவனம் கொடுக்கும் மொத்த விலை இரண்டாவது எண்ணின்படி. ரோமிங்கில் கொள்கைக் கட்டுப்பாடு, கட்டணக் கட்டுப்பாடு என்று சொல்லப்படும் பெரிய ஏற்பாடு முழுவதும் இந்த இரண்டு மீட்டர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் குடியிருக்கிறது. இதை விளக்கும் தரநிலை ஆவணங்களில் பெட்டிகளும் கோடுகளுமாகப் படங்கள் நிறைந்திருக்கும். ஒவ்வொரு கோடும் இரு நிறுவனங்களுக்கிடையே எவ்வளவு நம்பிக்கையைக் கோருகிறது என்பதை மட்டும் அந்தப் படங்கள் காட்டுவதில்லை. எந்த வடிவமைப்பு நடைமுறையில் வேரூன்றியது, எது ஏட்டோடு நின்றது என்பதைப் பெரும்பாலும் அந்த நம்பிக்கையே முடிவு செய்திருக்கிறது என்பது என் கணிப்பு.

சொற்களை முதலில் ஒழுங்கு செய்துகொள்ளலாம். சிம் கொடுத்த நிறுவனத்தைத் தாய் நெட்வொர்க் என்போம். சென்ற இடத்தில் தாங்கிக்கொள்வதைப் புகுந்த நெட்வொர்க் என்போம். பிறந்த வீடு, புகுந்த வீடு என்ற வழக்கை நினைத்துக்கொண்டால் யார் யாரைச் சந்தேகிப்பார்கள் என்பதும் தானாகவே விளங்கிவிடும். கொள்கை என்ற சொல்லையும் இங்கே கட்சிக் கொள்கை போலப் படிக்க வேண்டாம். 'இந்த ஆளுக்கு, இந்த நேரத்தில், இந்தப் போக்குவரத்தை இவ்வளவு வேகத்தில் விடு, இந்தக் கணக்கில் எழுது' என்ற உத்தரவுக்குத்தான் இந்தத் துறையில் அந்தப் பெயர்.

மூளை, வாயில், பணப்பை

மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, தொடக்கத்தில் இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தது. எந்தச் சேவைக்கு எவ்வளவு தரம் என்று முடிவு செய்யும் முறை அதன் 5ஆம் வெளியீட்டில் வந்தது. போக்குவரத்தை ஓடைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் போடும் முறை 6ஆம் வெளியீட்டில் வந்தது. ஒரே வாயிலில் ஒரே பொட்டலத்தை (துண்டு துண்டாகப் பயணிக்கும் தரவின் ஒரு துண்டை) இரண்டு காவலர்கள் பிரித்துப் பார்ப்பது வீண் என்று புரிந்ததும், 7ஆம் வெளியீட்டில் இரண்டையும் இணைத்தார்கள். கொள்கை முடிவு செய்யும் பெட்டியும் கட்டண விதி எழுதும் பெட்டியும் சேர்ந்து பிசிஆர்எஃப் என்ற ஒரே பெட்டி ஆயின. இன்றும் 4ஜி நெட்வொர்க்குகளில் மூளை இதுதான்.

மூளை எழுதும் விதிகளை நிறைவேற்றுவது வாயில். கைப்பேசிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் கடைசிக் கருவி அது. 4ஜியில் அதன் பெயர் பிகேட்வே. ஒவ்வொரு பொட்டலமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். மூன்றாவது பெட்டி பணப்பை. ஓசிஎஸ் எனப்படும் உடனடிக் கட்டண அமைப்பு வாடிக்கையாளரின் இருப்பை வைத்திருக்கிறது. மூளைக்கும் வாயிலுக்கும் இடையே ஜிஎக்ஸ், வாயிலுக்கும் பணப்பைக்கும் இடையே ஜிஒய் என்று இரண்டு இடைமுகங்கள். இரண்டிலும் பேசப்படும் மொழி டயாமீட்டர். அதற்கு முன் புழங்கிய நெறிமுறையின் பெயர் ரேடியஸ், அதாவது ஆரம். ஆரத்தின் இரு மடங்கு விட்டம் என்பதால் இந்தப் பெயராம். பொறியாளர்களின் நகைச்சுவை இவ்வளவுதான்.

பணப்பை ஒருபோதும் முழு இருப்பையும் வாயிலிடம் கொடுத்துவிடாது. ஒரு பங்கை மட்டும் அளந்து கொடுக்கும்: 'இந்தா, 10 மெகாபைட். தீரப்போகும்போது வந்து கேள்.' வாயில் செலவழிக்கும், கணக்குச் சொல்லும், அடுத்த பங்கைக் கேட்கும். 2005இல் ஆர்எஃப்சி 4006 என்ற எண்ணோடு வெளியான கடன் கட்டுப்பாட்டு நெறிமுறையின் சாரம் இதுதான். பங்கைச் சிறியதாக வைத்தால் கேள்வி பதில்களாலேயே நெட்வொர்க் திணறும். பெரியதாக வைத்தால், ஒரு செயலிக்காக ஒதுக்கிய பணம் முடங்கிக் கிடக்கும். அதே நேரம் இன்னொரு செயலி, இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்படும். கணக்கில் பணம் இருந்தும் இணையம் ஓடவில்லை என்று வாடிக்கையாளர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசிப் பங்கு வரும்போது அதோடு ஒரு குறிப்பும் வரும்: இது தீர்ந்தால் இணைப்பைத் துண்டி, அல்லது ஒரு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பு, அல்லது குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் வழிவிடு.

உள்ளூரில் மூளை, வாயில், பணப்பை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் சிக்கல் எழுவதில்லை. ஆள் எல்லையைத் தாண்டியதும்தான், எந்தப் பெட்டி யார் வீட்டில் இருப்பது என்ற கேள்வி வருகிறது.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது

முதல் விடை மிக எளியது: எல்லாமே தாய் வீட்டில் இருக்கட்டும். புகுந்த நெட்வொர்க் தன் கோபுரத்தையும் எஸ்கேட்வே என்ற இடைவாயிலையும் மட்டும் தரும். அங்கிருந்து கைப்பேசியின் பொட்டலங்கள் ஒரு சுரங்கத்துக்குள் வைக்கப்பட்டு, நிறுவனங்களை இணைக்கும் ஐபிஎக்ஸ் என்ற தனி வலையமைப்பு வழியாகத் தாய் நெட்வொர்க்கின் வாயிலுக்குப் போய்ச் சேரும். அங்கேதான் சுரங்கம் திறக்கும். அங்கேதான் இணையம் தொடங்கும். ஒரு நகரத்தில் அமர்ந்துகொண்டு அதே நகரத்துச் சர்வரில் இருக்கும் ஒரு பக்கத்தைப் பார்க்க, பொட்டலம் கடல்களைக் கடந்து தாய்நாட்டுக்குப் போய்த் திரும்பி வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இதற்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லிநொடி. தாய்நாடு 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், இழை நேர்கோட்டில் கிடப்பதாக வைத்துக்கொண்டாலும் போய்வர 100 மில்லிநொடி. கடலடி இழைகள் நேர்கோட்டில் கிடப்பதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். ரோமிங்கில் இருக்கும்போது சிக்னல் பட்டை முழுதாகக் காட்டியும் பக்கங்கள் மெதுவாகத் திறப்பதற்கு இந்தத் தொலைவு ஒரு காரணம். வெளிநாட்டில் இருந்தும் இணையதளங்கள் நம்மைத் தாய்நாட்டில் இருப்பவராகவே எண்ணிக்கொள்வதும் இதனால்தான். ஐபி முகவரி தாய் வீட்டு வாயிலில் இருந்து வருகிறது.

இவ்வளவு சுற்று இருந்தும் உலகின் டேட்டா ரோமிங் பெரும்பாலும் இந்த வழியில்தான் ஓடுகிறது. காரணம், தாய் நெட்வொர்க்குக்கு இதில் எதையும் நம்ப வேண்டிய தேவை இல்லை. மூளை, வாயில், பணப்பை மூன்றும் அதன் கைக்குள். அது தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: ஆள் இப்போது எங்கே இருக்கிறார்? இணைப்பு ஏற்படும்போதே, புகுந்த நெட்வொர்க்கின் நாட்டுக் குறியீட்டையும் நிறுவனக் குறியீட்டையும் சேர்த்து வாயில் மூளைக்கும் பணப்பைக்கும் அனுப்பிவிடும். நாட்டுக் குறியீடு மூன்று இலக்கம், நிறுவனக் குறியீடு இரண்டு அல்லது மூன்று இலக்கம்; ரோமிங் கட்டண விதிகள் எல்லாம் இந்த ஐந்தாறு இலக்கங்களின் மேல் நிற்கின்றன. இணைப்பின் நடுவே நெட்வொர்க் மாறினால் தெரிவிக்கும்படியும் மூளை முன்கூட்டியே வாயிலிடம் சொல்லி வைக்கலாம். தகவல் வந்ததும் பழைய விதிகளை நீக்கிவிட்டுப் புதியவற்றை அனுப்பும்.

இந்த இலக்கங்களில் 901 என்ற நாட்டுக் குறியீட்டைக் கவனிக்க வேண்டும். அது எந்த நாட்டுக்கும் உரியதல்ல. கப்பல்களிலும் விமானங்களிலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் நெட்வொர்க்குகள் போன்ற பன்னாட்டு அமைப்புகளுக்காக ஒதுக்கப்பட்டது. துறைமுகத்தை விட்டு விலகும் கப்பலில் கைப்பேசி கரையின் கோபுரத்தை விட்டுவிட்டுக் கப்பலின் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால், பயணிக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பணப்பைக்கு மட்டும் தெரியும். கொள்கை விதிகளில் 901ஐத் தனியாகக் கவனிக்காத நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள், ஊர் திரும்பிய பிறகு பில்லைப் பார்த்து மயங்கி விழுவார்கள். எல்லையோரத்தில் வசிப்பவர்களின் தொல்லையும் இதே வகை. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே அண்டை நாட்டுக் கோபுரம் வலுவாகத் தெரிந்தால் கைப்பேசி அங்கே தாவிவிடும். பின்னணியில் ஓடும் செயலிகள் அனுமதி கேட்பதில்லை. அந்நிய நெட்வொர்க்கில் இருந்து முதல் கோரிக்கை வந்தவுடனே எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் திறக்கும் விதியைத் தாய் நெட்வொர்க் எழுத முடியும். செய்கிறதா என்பது அந்தந்த நிறுவனத்தின் மனசாட்சியையும் ஒழுங்குமுறை அமைப்பின் கண்டிப்பையும் பொறுத்தது.

கண்டிப்பு வேலை செய்த ஓர் இடம் ஐரோப்பிய ஒன்றியம். 2010இல் அங்கே டேட்டா ரோமிங் செலவுக்கு 50 யூரோ என்ற இயல்பு வரம்பு கட்டாயமானது. 80 சதவீதத்தைத் தொடும்போது எச்சரிக்கை அனுப்ப வேண்டும். வரம்பைத் தொட்டதும், வாடிக்கையாளர் தொடரச் சொன்னால் ஒழிய, நிறுத்திவிட வேண்டும். எளிய விதிதான். ஆனால் அதை நிறைவேற்ற வேண்டுமானால் பைட்டுகளை மட்டும் எண்ணினால் போதாது. பைட்டுகளை அந்தக் கணத்திலேயே பணமாக மாற்றி, அந்தத் தொகை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை மூளைக்கும் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் பில் போட்டுப் பழகிய நிறுவனங்கள் உடனடிக் கணக்குக்கு வந்தாக வேண்டிய கட்டாயம் இப்படி வந்தது. பணப்பையில் இருந்து மூளைக்குச் செலவுநிலையைச் சொல்லும் எஸ்ஒய் என்ற இடைமுகமும் பின்னர், 11ஆம் வெளியீட்டில், தரநிலைக்குள் வந்தது.

இந்த இடத்தில் ஒரு நடைமுறைத் தொல்லையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. பங்கு தீர்ந்ததும் வாடிக்கையாளரை 'கூடுதல் பேக் வாங்குகிறீர்களா' என்று கேட்கும் பக்கத்துக்குத் திருப்பிவிடும் முறை, இணையதளங்கள் பூட்டில்லாமல் இயங்கிய காலத்தில் நன்றாக வேலை செய்தது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் மறையாக்கத்தோடு வருகின்றன. வாயில் நடுவே புகுந்து வேறு பக்கத்தைக் காட்டினால், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று உலாவி எச்சரிக்கும். செயலியோ ஒன்றும் சொல்லாமல் சுழன்றுகொண்டே இருக்கும். நிறுவனம் பணிவாகக் கேட்ட கேள்வி வாடிக்கையாளரின் கண்ணுக்கே எட்டுவதில்லை. கைப்பேசி பழுதாகிவிட்டது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். கடைசியில் வழி காட்டியது பழைய குறுஞ்செய்திதான்.

படத்தில் மட்டும் வாழ்ந்த கோடு

இரண்டாவது விடை, சுற்றுவழியை ஒழிப்பது. வாயிலைப் புகுந்த நெட்வொர்க்கிலேயே வைத்துவிட்டால் பொட்டலம் அங்கேயே இணையத்தில் இறங்கிவிடும். உள்ளூர் இறக்கம் என்று இதைச் சொல்லலாம். இதற்குத் தாய் வீட்டின் ஒப்புதல் வேண்டும். சந்தாதாரர் விவரங்களைக் காக்கும் தரவுத்தளத்தில், ஒவ்வொரு வகை இணைப்புக்கும் எதிரே 'புகுந்த நெட்வொர்க்கின் வாயிலைப் பயன்படுத்தலாமா' என்று ஒரு சிறு கொடி இருக்கிறது. அது 'கூடாது' என்று இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

கொடி ஏற்றப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வாயில் புகுந்த வீட்டில். பணப்பை தாய் வீட்டில். மூளை? 3ஜிபிபி தந்த பதில்: இரண்டு மூளைகள். தாய் வீட்டு பிசிஆர்எஃப் விதிகளை எழுதும். எஸ்9 என்ற இடைமுகத்தின் வழியே அவை புகுந்த வீட்டு பிசிஆர்எஃப்புக்கு வரும். அது தன் வீட்டு விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து வாயிலுக்கு அனுப்பும், அல்லது 'இந்தத் தரத்தை எங்களால் தர இயலாது' என்று மறுத்து, எதைத் தர முடியும் என்று திருப்பிச் சொல்லும். வாயில் பங்கு கேட்டு, எல்லை தாண்டித் தாய் வீட்டுப் பணப்பையைத் தட்டும். 4ஜி தரநிலைகள் உருவான 8ஆம் வெளியீட்டிலேயே இந்த எஸ்9 வரையப்பட்டுவிட்டது. படத்தில் பார்க்க அழகாக இருக்கும்.

ஆனால் அந்தக் கோடு தாய் நெட்வொர்க்கிடம் என்னென்ன கேட்கிறது? தன் சந்தாதாரரின் திட்ட விதிகளைப் போட்டியாளராகவும் இருக்கக்கூடிய ஒரு நிறுவனத்துக்குத் திறந்து காட்ட வேண்டும். அந்த நிறுவனத்தின் வாயில் சொல்லும் எண்ணிக்கையை நம்பி வாடிக்கையாளரின் பணத்தைக் கழிக்க வேண்டும். தன் பணப்பையை வெளியார் நேரடியாகத் தட்டும்படி கதவைத் திறந்து வைக்க வேண்டும். இரு தரப்பும் விதிகளுக்கு ஒரே பெயர், கட்டணப் பிரிவுகளுக்கு ஒரே எண் வைத்துக்கொள்ள வேண்டும். இதை நூற்றுக்கணக்கான ரோமிங் கூட்டாளிகளோடு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். புகுந்த வீட்டுக்கும் இதில் பெரிய லாபம் இல்லை: விருந்தாளி ஒருவரின் விதிகளைக் கேட்டுத் தன் வாயிலை ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். எஸ்9 ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது தன்னிடம் இருக்கும் பொதுவான விதியைப் போட்டுவிட்டுப் போகலாம். பல இடங்களில் அதுவே போதும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

சந்தை தானாகச் செய்யாததைச் சட்டம் செய்யவைக்க ஒருமுறை முயன்றது. ரோமிங்கைத் தனிச் சேவையாக வேறு நிறுவனத்திடம் வாங்கும் வசதியை 2014 ஜூலை 1 முதல் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அதற்கான வழிகளில் உள்ளூர் இறக்கமும் ஒன்று. பெரிய வரவேற்பு கிடைக்கவில்லை. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்கு உள்நாட்டுக் கட்டணமே என்று ஆனபிறகு, தனியாக ரோமிங் வாங்குவதற்கான காரணமே மெலிந்துபோனது.

குரல் அழைப்பிலும் இதே கதை திரும்ப நடந்தது. 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்டி வந்தபோது, ரோமிங்கில் அழைப்பைப் புகுந்த நெட்வொர்க்கிலேயே இறக்கும் விரிவான வடிவமைப்பு ஒன்று 11ஆம் வெளியீட்டில் உருவானது. நிறுவனங்கள் அதைப் பார்த்துவிட்டு, அதைவிட எளிய வழியை எடுத்துக்கொண்டன: குரலையும் டேட்டா போலவே சுரங்கத்தில் வைத்துத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடு. புகுந்த நெட்வொர்க்குக்கு அது குரல் என்பது உள்ளடக்கத்தைப் பார்த்துத் தெரிவதில்லை. தர வகுப்பு எண் 1 கொண்ட ஒரு தடம் கேட்கப்பட்டது என்பதை வைத்து ஊகிக்கலாம். அவசர அழைப்பு மட்டும் விதிவிலக்கு. அது உள்ளூர்க் கட்டுப்பாட்டு அறைக்கே போக வேண்டும் என்பதால் புகுந்த நெட்வொர்க்கே அதைக் கையாளும். உரிய ஆணையோடு அழைப்பை இடைமறித்துக் கேட்கும் அரசின் அதிகாரம், அழைப்பே அடையாளம் தெரியாமல் கடந்துபோகும்போது என்ன ஆவது என்ற சட்டச் சிக்கலும் இந்த எளிய வழியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கென்று தனித் தரநிலை எழுத வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தாய் நெட்வொர்க் சர்வாதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். அலைவரிசை புகுந்த வீட்டினுடையது. தாய் வீட்டு மூளை எவ்வளவு உயர்ந்த தரத்தை எழுதி அனுப்பினாலும், ரோமிங் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் இருந்தால் புகுந்த நெட்வொர்க் அதைக் குறைக்கும் அல்லது மறுக்கும். வீட்டில் முதல் தர வாடிக்கையாளர் என்ற பெருமை எல்லையைத் தாண்டுவதில்லை. வேகத்தைக் குறைப்பது வேறு கதை: தாய் வீட்டு வாயில் கீழிறங்கும் போக்குவரத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஆகவே வெளிநாட்டில் நம் இணையம் ஊர்ந்தால் குற்றவாளி இங்கேயும் இருக்கலாம், அங்கேயும் இருக்கலாம், நடுவில் கடலடியிலும் இருக்கலாம். வாடிக்கையாளர் சேவை மையத்தில் இதற்குத் தெளிவான பதில் கிடைக்காததற்கு அங்கே அமர்ந்திருப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

இனி அந்த இரண்டு மீட்டர்களிடம் திரும்புவோம். தாய் வீட்டு வாயில் ஒரு பொட்டலத்தை எண்ணிவிட்டுச் சுரங்கத்தில் அனுப்புகிறது. அது புகுந்த வீட்டு இடைவாயிலுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நேரத்தில் கைப்பேசி உறக்கத்தில் இருக்கலாம், கோபுரத்தின் எல்லைக்கு வெளியே போயிருக்கலாம். இடைவாயில் சற்றுநேரம் வைத்திருந்து பார்த்துவிட்டுப் பொட்டலத்தை எறிந்துவிடுகிறது. தாய் வீட்டு மீட்டரில் அது ஏறிவிட்டது. புகுந்த வீட்டு மீட்டரில் ஏறவில்லை. வாடிக்கையாளரை அது அடையவே இல்லை. இது அரிய நிகழ்வாக இருந்திருந்தால், எறியப்படும் பொட்டலங்கள் ஒரு அளவைத் தாண்டினால் 'எண்ணுவதை நிறுத்து' என்று இடைவாயில் வாயிலுக்குச் சொல்லும் ஏற்பாட்டை 3ஜிபிபி தரநிலையில் சேர்த்திருக்காது. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: கைப்பேசி அனுப்பியது புகுந்த வீட்டில் எண்ணப்பட்டு, வழியில் தொலைந்துபோனால் தாய் வீட்டுக் கணக்கில் வராது.

பைட் எண்ணிக்கையைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அது தவறால் விளைவதல்ல, பார்வையால் விளைவது. தாய் வீட்டு வாயில் சுரங்கத்தைத் திறப்பதால், எது தகவல் செயலி, எது வீடியோ என்று பிரித்துப் பார்க்கிறது. 'வெளிநாட்டிலும் இந்தச் செயலி இலவசம்' என்று விளம்பரம் செய்து, அந்த ஓடைக்குச் சுழியக் கட்டணம் போட முடிகிறது. புகுந்த வீட்டு இடைவாயில் சுரங்கத்தின் வெளிப்பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. அதற்கு எல்லாம் பைட்தான். அந்த 'இலவச' பைட்டுகளுக்கும் தாய் நெட்வொர்க் மொத்த விலை கொடுத்தாக வேண்டும். ரோமிங் திட்டங்களில் 'வரம்பற்ற' என்ற சொல்லுக்கு அருகே பொடி எழுத்தில் வேக வரம்பு ஒளிந்திருப்பதன் பொருளாதாரம் இதுதான்.

இந்த இரண்டாவது மீட்டரின் கணக்கு ஒரு நிறுவனத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போவது டேப் என்ற கோப்பு வடிவில். ஜிஎஸ்எம் எனப்படும் 2ஜி காலத்தில் இருந்து வரும் முறை. புகுந்த நெட்வொர்க் தன் பதிவுகளைத் தொகுத்து, ஒப்பந்த விலையைப் போட்டு, கோப்பாக அனுப்பும். பல நாடுகளின் நாணயங்கள் புழங்கும் இந்தக் கணக்கில் பொது அலகாகப் பன்னாட்டு நிதியத்தின் எஸ்டிஆர் பயன்பட்டு வந்திருக்கிறது. சாதாரண மனிதர் வாழ்நாளில் தொடாத ஒரு கணக்கு அலகு, அவரது கைப்பேசிக் கணக்கில் மட்டும் மறைவாகப் புழங்கியிருக்கிறது.

கோப்பு தாமதமாக வந்தால் அந்த இடைவெளி திருடர்களுக்கு. சிம்மைப் போலி ஆவணத்தில் வாங்கி, வெளிநாட்டுக்கு எடுத்துச் சென்று, தாமே வருமானம் பெறும் உயர்கட்டண எண்களுக்கு ஓயாமல் அழைப்பது பழைய தந்திரம். தாய் நெட்வொர்க்குக்குச் செய்தி எட்டும்போது சிம் குப்பையில் கிடக்கும். அளவுக்கு மீறிய பயன்பாட்டை 36 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் அறிக்கை முறைதான் முன்பு இருந்தது. அது போதாது என்று, பதிவுகளை 4 மணி நேரத்துக்குள் அனுப்பும் முறையை நிறுவனங்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ கொண்டுவந்தது. அந்தக் காலக்கெடுவைத் தாண்டினால் மோசடி நட்டம் புகுந்த நெட்வொர்க்கின் தலையில். கெடுவைவிட அந்தக் கடைசி நிபந்தனைதான் வேலை செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய குரல் அழைப்பில்தான் இந்தக் கண்மூடித்தனம் கொடியது, ஏனெனில் அழைப்பை இணைக்கும் சுவிட்ச் புகுந்த வீட்டில் இருந்தது. முன்பணம் செலுத்தும் வாடிக்கையாளரை ரோமிங்கில் விடவே நிறுவனங்கள் பயந்தன. ஒவ்வொரு அழைப்புக்கும் முன் தாய் வீட்டைக் கேட்கும் கேமல் என்ற நெறிமுறை வந்த பிறகே அந்தக் கதவு அகலத் திறந்தது. டேட்டாவில் வாயில் தாய் வீட்டிலேயே இருந்ததால், முன்பண வாடிக்கையாளரின் கணக்கையும் தாய் நெட்வொர்க்கே தன் கையில் வைத்துக்கொள்ள முடிந்தது. சுற்றுவழிக்கு இப்படியும் ஒரு நன்மை.

பணப்பையே பதில் சொல்லாமல் போனால்? அதற்கும் நெறிமுறையில் மூன்று பதில்கள் உண்டு: இணைப்பைத் துண்டி, தொடரவிடு, வேறு பணப்பையைக் கேட்டுப் பார்த்து, அதுவும் பேசாவிட்டால் துண்டி. உள்ளூரில் 'தொடரவிடு' என்று அமைப்பது தாராள மனம். ரோமிங்கில் அதே அமைப்பு, எங்கோ ஓடும் இன்னொருவர் மீட்டருக்கு வெற்றுக் காசோலை கொடுப்பது. உள்ளூருக்கு ஒன்று, ரோமிங்குக்கு ஒன்று என்று இதைப் பிரித்து வைக்க மறந்துவிட்டால், ஒருநாள் பழுதின் விலை அடுத்த டேப் கோப்பில் தெரியும்.

விருந்தும் மருந்தும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ரோமிங் விதிகள் எல்லாம் போய்த் திரும்பும் மனிதரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திரும்பவே திரும்பாத விருந்தாளிகள் இப்போது பெருகிவிட்டார்கள்: மின் மீட்டர்கள், வாகனங்கள், கண்காணிப்புக் கருவிகள். எங்கோ வாங்கிய சிம்மோடு வேறொரு நாட்டில் ஆண்டுக்கணக்கில் குந்தியிருக்கும் கருவி ஒரு நாளைக்குச் சில கிலோபைட் அனுப்பும். அதற்காக இணைப்பு, பங்கு, விதி, பதிவு என்று நடக்கும் உரையாடல் அந்தச் செய்தியைவிடப் பெரியதாகிவிடும். பைட் கணக்கில் வருமானம் பெறும் புகுந்த நெட்வொர்க் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. ஜிஎஸ்எம்ஏ வகுத்திருக்கும் புதிய கணக்குத்தீர்ப்பு முறை, ஒவ்வொரு பதிவையும் அனுப்பாமல் தொகுத்த கணக்கைப் பரிமாறுவதன் மூலம் இந்தச் சுமையைக் குறைக்கப் பார்க்கிறது.

5ஜியில் பெட்டிகளின் பெயர்கள் மாறின. மூளை பிசிஎஃப் ஆனது. உடனடிக் கணக்கும் பின்னர் போடும் பில்லும் சிஎச்எஃப் என்ற ஒரே பெட்டிக்குள் வந்தன. டயாமீட்டர் போய், இணையத்தில் புழங்கும் எச்டிடிபி வந்தது. நிறுவனங்களின் எல்லையில் செப் என்ற காவல்பெட்டி நின்று, கடந்து போகும் செய்திகளைக் காக்கிறது. இவற்றைவிடச் சுவையான மாற்றம் ஒன்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எஸ்9 செய்த வேலைக்கு 5ஜியில் வாரிசு இல்லை. இரு நாட்டு மூளைகளுக்கிடையே என்24 என்ற கோடு உண்டு. எந்தச் செயலி எந்த இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கைப்பேசிக்குச் சொல்லும் விதிகளைத் தாய் வீடு அதன் வழியே அனுப்பலாம். ஆனால் உள்ளூர் இறக்கத்தில் ஓடும் இணைப்புக்கு எவ்வளவு தரம், என்ன கட்டண விதி என்பதைப் புகுந்த வீட்டு மூளை தன்னிடம் எழுதி வைத்திருக்கும் ரோமிங் ஒப்பந்தத்தைப் பார்த்தே முடிவு செய்துகொள்கிறது. 8ஆம் வெளியீடு கனவு கண்டது. 5ஜியின் முதல் வெளியீடான 15 ஓசையில்லாமல் அந்தக் கனவை மடித்து வைத்துவிட்டது.

தாமதத்தைப் பொறுக்காத சேவைகள் வந்துகொண்டிருப்பதால், சுற்றுவழியையும் முழுதாகத் தாங்க முடியவில்லை. 18ஆம் வெளியீட்டில் ஒரு சமரசம் செய்திருக்கிறார்கள்: இணைப்பு தாய் வீட்டுக்கே செல்லும், கட்டுப்பாடும் அங்கேயே இருக்கும்; தாய் வீடு அனுமதித்த குறிப்பிட்ட போக்குவரத்தை மட்டும் புகுந்த வீட்டின் அருகிலிருக்கும் சர்வரில் இறக்கிவிடலாம்.

இரண்டு மீட்டர்கள் 5ஜியிலும் இரண்டாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கிடையே முதல்முறையாக ஒரு பேச்சு தொடங்கியிருக்கிறது. ரோமிங் இணைப்பு ஒன்று ஏற்படும்போது, இரு நாடுகளிலும் இருக்கும் இணைப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எப்படி எண்ணுவது என்ற கட்டணக் குறிப்பு ஒன்றைப் பரிமாறிக்கொள்கின்றன: எந்த நிகழ்வில் கணக்கை மூடிப் புதிய வரி தொடங்குவது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை, எத்தனை பைட்டுக்கு ஒருமுறை. இரண்டு பேரும் ஒரே இடங்களில் கோடு கிழித்துக்கொண்டே எண்ணுகிறார்கள். எண்கள் அப்போதும் வேறுபடலாம். எந்த வரியில் வேறுபட்டன என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.